தானா ஓடுற மின் வண்டிக்குக் காத்திருக்கலாமா, இப்பவே வாங்கிடலாமா? ரெண்டு சக்கரமா மூணு சக்கரமா?

போன மாசம் மூணு பேரு கிட்டத்தட்ட ஒரே கேள்விய என்கிட்ட கேட்டுட்டாங்க. கோலாலம்பூர் செந்தூல்ல ஒரு பிளாட்ல இருக்குற ஒரு தங்கச்சி, தினமும் எல்ஆர்டி ரயில் ஸ்டேஷனுக்கு ஒன்றரை கிலோமீட்டர் நடக்குது, மின் மோட்டர் (மோட்டர் பைக்) ஒன்னு எடுக்கலாமா இல்ல ரெண்டு மூணு வருஷத்துல தானா ஓடுற வண்டி வந்துடும்னு சொல்றாங்களே அதுக்குக் காத்திருக்கலாமான்னு கேட்டுச்சு. ஒரு அண்ணன், அவரோட அம்மாவுக்கு 70 வயசு, முட்டிவலி, பாசாருக்கும் (சந்தைக்கும்) கோயிலுக்கும் போய் வர மூணு சக்கர மின் வண்டி சரிப்படுமான்னு கேட்டாரு. இன்னொருத்தர் செத்தாப்பாக் பக்கம் ஒரு கொண்டோ கமிட்டில இருக்காரு, வாசல்ல இருக்குற கார்டு வீட்டுல இருந்து உள்ள இருக்குற பிளாக் வரைக்கும் வயசானவங்கள ஏத்திட்டுப் போக தானா ஓடுற டிரைக், அதாவது மூணு சக்கர வண்டி, வாங்குனா என்னன்னு கேட்டாரு.

மூணு பேருக்கும் பதில் வேற வேற. ஆனா யோசிக்குற வழி ஒன்னுதான், அதனால ஒரே இடத்துல எழுதிடுறேன்.

## முதல்ல எத வச்சு அளக்குறது

விலைய பாத்துட்டு முடிவு பண்ணாதீங்க, அது கடைசி. முதல் கேள்வி சட்டப்படி அந்த வண்டிய எங்க ஓட்ட முடியும்ங்குறது. ரெண்டாவது, நின்னாலும் திரும்புனாலும் கவுறாம இருக்குமா, அதுவும் நம்ம மழையில, நம்ம ரோட்டுல. மூணாவது, எங்க நிறுத்தி எங்க சார்ஜ் போடப் போறீங்க. நாலாவது மறைஞ்சு நிக்குற காசு, அதாவது பேட்டரி, இன்சூரன்ஸ், ரிப்பேர். அஞ்சாவது எல்லாரும் மறக்குறது: ரோட்டுல இருக்குற மத்தவங்களுக்கு அந்த வண்டியால என்ன ஆகும்.

தானா ஓடுற வண்டின்னு வந்தா இன்னொரு கேள்வி சேருது. அது தானா ஓடணும்னு நமக்கு எப்ப தேவைப்படுது, நாம மேல உக்காந்திருக்கும்போதா, இல்ல யாருமே இல்லாத நேரத்துலயா? இதுக்கு பதில் தெரிஞ்சா பாதி குழப்பம் போயிடும். கீழ வர்றேன்.

## இப்பவே கிடைக்குற மின் ரெண்டு சக்கரம்

நம்பர் பிளேட் போட்டு ஜேபிஜேல (மலேசிய ரோடு போக்குவரத்து இலாகாவுல) பதிஞ்ச மின் மோட்டர்னா சட்டத்துல பிரச்சனை இல்ல, லைசென்ஸ், இன்சூரன்ஸ், ரோட் டேக்ஸ் இருந்தா போதும். ஆனா கடையில வரிசையா நிக்குற எல்லாமே அந்த ரகம் கிடையாது. மணிக்கு 50 கிலோமீட்டருக்குள்ள ஓடுற சின்ன வண்டிங்கள நம்ம சட்டம் மைக்ரோமொபிலிட்டின்னு தனி வகையா வச்சிருக்கு, அதுல மோப்பெட், நின்னுட்டு ஓட்டுற மின் ஸ்கூட்டர், நடக்க முடியாதவங்களுக்கான மின் வண்டி இதெல்லாம் ரோட்டுல ஓட்டக் கூடாதுன்னு 2022-ல தடைய அறிவிச்சாங்க. ஆன்லைன்ல மலிவா கிடைக்குதுன்னு வாங்கி பிளேட் போட முடியாம பிளாட் படிக்கட்டுக்கு அடியில தூசி பிடிச்சு நிக்குற வண்டிய எங்க பிளாக்லயே ரெண்டு காட்டுவேன். வாங்குறதுக்கு முன்னாடி கடைக்காரர்கிட்ட ஒரே கேள்வி கேளுங்க, இத பதிஞ்சு கிராண்ட், அதாவது வண்டியோட பதிவுப் பத்திரம், என் பேருக்கு வருமா வராதா? வாய்ல சொன்னா நம்பாதீங்க, பேப்பர்ல காட்டச் சொல்லுங்க.

பெட்ரோல் மிச்சம்னு நெறைய பேரு மின் மோட்டருக்கு வர்றாங்க. கணக்கு போட்டுப் பாப்போம். ஒரு நாளைக்கு 20 கிலோமீட்டர், மாசம் 25 நாள்னா 500 கிலோமீட்டர். கப்சாய், அதாவது சின்ன பெட்ரோல் மோட்டர், லிட்டருக்கு 45 கிலோமீட்டர் குடுத்தா 11 லிட்டர், மானிய விலை 1.99 வெள்ளி (ரிங்கிட்)ன்னா மாசம் 22 வெள்ளி. அதே தூரத்துக்கு மின் மோட்டர் 15 யூனிட் தின்னும்னு வைங்க, யூனிட் 50 காசுன்னாலும் ஏழரை வெள்ளி. மிச்சம் மாசத்துக்கு 15 வெள்ளி கூட முழுசா வரல. வருஷம் 180 வெள்ளிக்குள்ளதான். நாலஞ்சு வருஷம் கழிச்சு பேட்டரி மாத்தணும்னா இந்த மிச்சம் எல்லாம் அதுலயே போயிடும். இந்தோனேசியாவோ இந்தியாவோ மாதிரி கணக்கு இங்க வராது, நம்ம ஊர்ல பெட்ரோல் மலிவு, அத மறந்துட்டு யூடியூப் பாத்து முடிவு பண்ணக் கூடாது. நாள் முழுக்க ஓடுற உணவு டெலிவரி தம்பிங்களுக்கு மட்டும் கணக்கு மாறும், அவங்க 100, 150 கிலோமீட்டர் ஓடுறாங்க, எண்ணெய் மாத்துற செலவும் இல்ல. ஆனா அவங்களுக்கு சார்ஜ் போட நேரம் கிடையாது, அதனால பேட்டரி மாத்திக்குற ஸ்டேஷன் அவங்க ஓடுற ஏரியாவுல இருந்தாத்தான் பிரயோஜனம், இல்லன்னா மதிய சாப்பாட்டு ஆர்டர் குவியுற நேரத்துல சார்ஜுக்காக உக்காந்திருக்கணும்.

2023 கடைசியில ஆரம்பிச்ச அரசாங்கத் திட்டத்துல, வருஷ வருமானம் 120,000 வெள்ளிக்குள்ள இருக்குறவங்களுக்கு மின் மோட்டர் வாங்க 2,400 வெள்ளி கழிவு குடுத்தாங்க. இப்ப இன்னும் கோட்டா இருக்கான்னு வாங்குற அன்னைக்கே கேட்டுக்குங்க.

பிளாட்ல இருக்குறவங்களுக்கு இன்னொன்னு. பேட்டரி கழட்டுற மாதிரி இருக்கணும், இல்லன்னா அஞ்சாவது மாடியில இருந்து வயர் தொங்க விடவா போறீங்க? கழட்டி வீட்டுக்குள்ள கொண்டு வந்தாலும் ராத்திரி எல்லாரும் தூங்கும்போது, அதுவும் வாசக்கதவு பக்கத்துல வச்சு சார்ஜ் போடாதீங்க. தீ பிடிச்சா வெளிய போற வழியிலதான் அது நிக்கும். கொஞ்சம் கனமா இருந்தாலும் எல்எப்பி வகை லித்தியம் பேட்டரிய கேட்டு வாங்குங்க, சூட்ட தாங்கும், ஆயுசும் கூட.

இதெல்லாம் விட எனக்கு பெரிய கவலை உயிர்தான். நம்ம நாட்டுல 2023-ல ரோட்டு விபத்துல செத்தவங்க 6 ஆயிரத்துக்கும் மேல, ஒவ்வொரு வருஷமும் அதுல பாதிக்கு மேல மோட்டர்ல போனவங்க. பெட்ரோல மின்சாரமா மாத்துனதால இது குறையப் போறதில்ல. அந்தத் தங்கச்சிகிட்ட சொன்னேன், ஒன்றரை கிலோமீட்டர்னா ஸ்டேஷனுக்குப் போற பீடர் பஸ் இருக்கு, 50 வெள்ளி மாச பாஸ்ல ஏறக்குறைய எல்லாம் அடங்கிடுது, மோட்டர் வாங்குற காசுக்கு எத்தன வருஷ பாஸுன்னு முதல்ல எண்ணிப் பாருன்னு. பஸ் வர்ற நேரம் ஒத்து வரலன்னா, மழை நாள் மட்டும் கஷ்டம்னா, அப்ப மோட்டர் எடு, ஏபிஎஸ் (சக்கரம் வழுக்காத பிரேக்) இருக்குற மாடலா பாத்து எடு.

## இப்பவே கிடைக்குற மின் மூணு சக்கரம்

இதுல கொஞ்சம் நேரம் எடுத்துக்குறேன், ஏன்னா அம்மா அப்பாவுக்கு வாங்குறவங்க இங்கதான் ஏமாறுறாங்க.

எங்கம்மாவ கூட்டிட்டு ஒரு கடைக்கு நானே போனேன். முன்னாடி ஒரு சக்கரம், பின்னாடி ரெண்டு, கூடை, மெத்து சீட்டு, பாக்க அழகா இருந்துச்சு. அம்மா சின்ன வயசுல எஸ்டேட்ல சைக்கிள் ஓட்டுனவங்க, தைரியமா ஏறுனாங்க. கார் பார்க்ல நேரா போச்சு, திரும்பும்போது சைக்கிள் பழக்கத்துல கொஞ்சம் வேகமா வளைச்சாங்க, உள்பக்க பின் சக்கரம் தரைய விட்டுத் தூக்கிடுச்சு. நான் ஓடிப்போய் புடிக்கலன்னா என்ன ஆயிருக்கும்னு இன்னைக்கும் நெனச்சா வயித்த கலக்குது. கடைக்காரர் பழகப் பழக சரியாயிடும்னாரு.

பழக்கம் மட்டும் காரணம் இல்ல. ரெண்டு சக்கரம் வளைவுல உள்பக்கம் சாயும், அந்த சாய்வுதான் அத கவுறாம காப்பாத்துது. சாதா மூணு சக்கரம் சாயாது, அதனால திரும்பும்போது எடை எல்லாம் வெளிப்பக்கம் தள்ளும். முன்னாடி ஒத்த சக்கரம் இருக்குற வண்டியில பிரேக்க புடிச்சுக்கிட்டே திரும்புனா இன்னும் மோசம், எடை முன்னாடி போகுது, அங்க தாங்க ஒரே சக்கரம்தான். முன்னாடி ரெண்டு சக்கரம், பின்னாடி ஒன்னு இருக்குற அமைப்பு இந்த விஷயத்துல எவ்வளவோ மேல். நின்ன இடத்துல கவுறாது, கால் ஊனத் தேவையில்ல, இது உண்மையான நல்ல விஷயம், முட்டிவலிக்காரங்களுக்கு பெரிய வரம். ஆனா நிக்கும்போது இருக்குற பத்திரம் திரும்பும்போதும் இருக்கும்னு நம்பி வாங்கக் கூடாது.

அடுத்தது சட்டம். நடக்க முடியாதவங்களுக்கான மின் வண்டி ரகம்னா மேல சொன்ன தடையில மாட்டுது, வீட்டு வளாகம், கொண்டோ உள்பக்கம் ஓட்டலாம், ரோட்டுல இறக்க முடியாது. பதிஞ்ச மூணு சக்கரம்னா லைசென்ஸ் வேணும், எந்த வகுப்புன்னு ஜேபிஜேல கேட்டுட்டு வாங்குங்க. லைசென்ஸே எடுக்காத 70 வயசு அம்மாவுக்கு வாங்கிக் குடுத்துட்டு அப்புறம் யாரு ஓட்டுறது?

பேட்டரியும் பாருங்க. மலிவு டிரைக் நெறையதுல ஈய பேட்டரிதான். கனம் ஜாஸ்தி, முழுசா காலியாக்கி காலியாக்கி ஓட்டுனா ஒன்னு ரெண்டு வருஷத்துல படுத்துடும். அப்புறம் அகலம். எங்க பிளாட் லிப்டுக்குள்ள அந்த வண்டி நுழையல, கீழ மோட்டர் பார்க்கிங்ல ரெண்டு மோட்டர் இடத்த அடைக்கும், பக்கத்து வீட்டுக்காரரோட தினம் சண்டை. டேப்பு எடுத்துட்டுப் போய் லிப்டு கதவ அளந்துட்டு வந்து கடைக்குப் போங்க, இது சின்ன விஷயமா தெரியும் ஆனா நான் பாத்த வரைக்கும் இதுலதான் பாதிப் பேரு மாட்டுறாங்க.

யாருக்கு நல்லது? தாமான்ல (குடியிருப்புல) தரை வீடு, கேட் போட்ட உள்ரோடு, பக்கத்துலயே கடை கண்ணி, அந்த மாதிரி இடத்துல இருக்குறவங்களுக்கு அருமையான வண்டி. சாமான் ஏத்தி இறக்குற சின்ன வியாபாரிங்களுக்கும்தான். அந்த அண்ணன் அம்மாவுக்கு? அவங்க வீடு மெயின் ரோடு மேல இருக்கு, பாசாருக்குப் போக ஆறு லேன் ரோட்ட தாண்டணும். வேணாம்னு சொல்லிட்டேன். வாரத்துல ரெண்டு நாள் இ-ஹெய்லிங்ல (ஆப்ல கூப்புடுற கார்ல) போய் வந்தாலும் அந்தச் செலவு வண்டி விலைய தொட ரொம்ப நாள் ஆகும்.

## தானா ஓடுற ரெண்டு சக்கரம்

வாட்ஸப்ல சுத்துற ஆம்ஸ்டர்டாம் கூகிள் சைக்கிள் வீடியோவ நம்பி நெறைய பேரு கேக்குறாங்க. அது 2016 ஏப்ரல் 1-க்காக எடுத்தது, அப்படி ஒரு வண்டி விக்கவே இல்ல.

நெசமா நடந்த வேலையும் இருக்கு. 2017-ல ஹோண்டா ஒரு மோட்டர காட்டுச்சு, ஆள் இல்லாமலே மெதுவா கவுறாம நிக்கும், ஹேண்டில சின்னச் சின்னதா அசைச்சு அசைச்சே பேலன்ஸ் பண்ணிக்கும். 2018-ல பிஎம்டபிள்யூ தன்னோட பெரிய மோட்டர ஆளில்லாம ஓட்டிக் காட்டுச்சு, ஆனா அவங்களே சொன்னாங்க, ஆளில்லாத மோட்டர விக்குறது நோக்கம் இல்ல, ஓட்டுறவர காப்பாத்துற கருவிங்கள செய்யக் கத்துக்கத்தான் இதுன்னு. 2019-ல சீனாவுல சிங்குவா பல்கலைக்கழகத்துக்காரங்க ஒரு சைக்கிள்ல தாங்க செஞ்ச சிப்ப வச்சு, குரலுக்குக் கட்டுப்பட்டு, எதிர்ல இருக்குறத ஒதுங்கி, ஆள் பின்னாடியே ஓட வச்சாங்க.

இதெல்லாம் பாக்க மலைப்பாத்தான் இருக்கு. ஆனா வாங்குற கண்ணோட பாருங்க. ரெண்டு சக்கரம் நிக்குறதுக்கே ஒவ்வொரு நொடியும் வேலை செய்யணும், அந்த மோட்டரு, சென்சரு, கம்ப்யூட்டரு எல்லாம் பேட்டரிய தின்னும், எடையும் விலையும் ஏறும். நீங்க மேல உக்காந்துட்டா பேலன்ஸ் உங்களுக்கே தெரியும், அப்ப அது எதுக்கு? சமதளத்துல, காஞ்ச தரையில நின்னது, சாயங்காலம் 4 மணி மழையில செந்தூல் ரோட்டுல எண்ணெய் மிதக்குற குழிக்கு மேல நிக்குமான்னா நான் நம்ப மாட்டேன். சொந்தமா வாங்குறவங்க இதுக்காக ஒரு வருஷம் கூட காத்திருக்க வேணாம். இந்த ஆராய்ச்சியில இருந்து நமக்கு வந்து சேரப் போறது முழுசா தானா ஓடுற மோட்டர் இல்ல, வழுக்காத பிரேக்கும், பின்னாடி வண்டி நெருங்குனா எச்சரிக்குற ரேடாரும்தான். அது வந்தா எத்தனையோ வீட்டுல பிள்ளைங்க திரும்பி வருவாங்க, அதுக்காகவே இந்த வேலை நடக்கணும்னு மனசார ஆசப்படுறேன்.

## தானா ஓடுற மூணு சக்கரம்

மேல விட்ட கேள்விக்கு இங்க வர்றேன். தானா ஓடுறது எப்ப வேணும்? ஆள் இல்லாதப்ப! நீங்க கூப்புட்டா அதுவா வரணும், நீங்க இறங்குனதும் அதுவா அடுத்த ஆள்கிட்ட போகணும், இல்ல சார்ஜ் போட போகணும். மேல ஆள் இருக்கும்போது ஆளே ஓட்டிக்கலாம்.

அமெரிக்காவுல எம்ஐடி பல்கலைக்கழக ஆராய்ச்சிக்காரங்க இத வச்சுத்தான் யோசிச்சாங்க. முதல்ல மூணு சக்கர வண்டி, அதுக்கப்புறம் ஒரு சைக்கிள், ஆள் ஓட்டும்போது ரெண்டு சக்கரம், ஆள் இறங்குனா பின் சக்கரம் ரெண்டா பிரிஞ்சு மூணு சக்கரமாகி மெதுவா தானா நகரும். ஜெர்மனியில மாக்டபர்க் பல்கலைக்கழகத்துலயும் கூப்புட்டா வர்ற மூணு சக்கர சாமான் சைக்கிள செஞ்சு ஓட்டிப் பாத்தாங்க. ரெண்டு இடத்துலயும் ஆளில்லாம ஓட மூணு சக்கரத்தையே எடுத்தாங்க பாருங்க, சும்மா நின்னாலே நிக்கும், பேலன்ஸுக்கு ஒரு செலவும் இல்ல.

எம்ஐடி குழு பாஸ்டன் நகரத்த கம்ப்யூட்டர்ல வச்சு ஓட்டிப் பாத்ததுல, தானா ஓடுற சைக்கிள்னா, ஸ்டேஷன் வச்ச வாடகை சைக்கிள விட மூணரை மடங்கும், கண்ட இடத்துல விட்டுட்டுப் போற சைக்கிள விட எட்டு மடங்கும் கம்மியான வண்டி போதும்னு வந்துச்சு. 2017-ல கேஎல்ல (கோலாலம்பூர்ல) மஞ்சள் வாடகை சைக்கிள் வந்தத பாத்தவங்களுக்கு இது டக்குனு புரியும். ஒரு இடத்துல இருபது சும்மா நிக்கும், வேணும்ங்குற ஆளுக்கு ஒன்னு கூட இருக்காது, பாதி லோங்காங்ல (சாக்கடையில) கிடக்கும். வண்டிக்கு தானா நகரத் தெரிஞ்சிருந்தா அது லோங்காங்கு பக்கம் போகாது, ஸ்டேஷன் வாசலுக்குப் போயிருக்கும்.

அமெரிக்காவுல ஜார்ஜியா மாநிலத்து ஊர் ஒன்னுல 2020-ல வாடகை ஸ்கூட்டர இப்படி ஆளில்லாம நகத்திப் பாத்தாங்க, ஆனா உண்மையில தூரத்துல ஒரு ஆள் திரை முன்னாடி உக்காந்து அத ஓட்டுனாரு. மறைஞ்சு நிக்குற செலவு இதுதான். 'தானா ஓடுது'ன்னு யாராவது சொன்னா, மாட்டிக்கிட்டா யாரு வந்து எடுத்து விடுவாங்க, அந்த ஆளுக்கு மாசம் எவ்வளவு, ராத்திரி இருப்பாரா, நெட் லைன் போச்சுன்னா என்ன ஆகும்னு கேளுங்க.

இந்தியாவுல 2025 செப்டம்பர்ல ஒமேகா செய்கி கம்பெனி தானா ஓடுற மின் ஆட்டோ ஒன்ன, சுயம்கதின்னு பேரு வச்சு, 4 லட்சம் ரூபாய்க்கு அறிவிச்சாங்க. வளாகம், ஏர்போர்ட், தொழிற்பேட்டை மாதிரி முன்கூட்டியே வரைபடம் போட்ட பாதையில மெதுவா ஓடுறதுக்குன்னு. அத கவனிங்க, விக்குறவங்களே திறந்த ரோட்டுக்குன்னு சொல்லல.

நம்ம ஊர்ல பொது ரோட்டுல இறக்க முடியுமா? நம்ம 1987 ரோடு போக்குவரத்துச் சட்டம் லைசென்ஸ் எடுத்த ஓட்டுனர்னு ஒரு ஆள வச்சு எழுதுனது. ஆள் இல்லாத வண்டி யார் மேலயாவது ஏறிட்டா கேஸு யாரு மேல? சைபர்ஜெயாவுல தானியங்கி வண்டிக்கு டெஸ்ட் ரூட் இருக்கு, அங்க நல்ல அகலமான ரோடு. செந்தூல்ல மேல எல்ஆர்டி பாலம், பக்கத்துல உயரமான பிளாட், ஜிபிஎஸ் சிக்னல் அங்கங்க தடுமாறும், நடைபாதையில மோட்டர் பார்க்கிங், மூடி இல்லாத சாக்கடை.

கேஎல்ல இருக்குற பிரிக்பீல்ட்ஸ நெனச்சாத்தான் எனக்கு ரொம்ப உறுத்துது. பார்வையற்றோர் சங்கம் அங்கதான் இருக்கு, தடிய வச்சு நடைபாதையில பதிச்ச மஞ்சள் ஓட்ட தடவித் தடவி நடக்குறவங்கள தினமும் பாக்குறோம், அந்த ஓட்டு மேல மோட்டர நிறுத்தி வச்சுட்டுப் போறதையும் பாக்குறோம். சத்தமே இல்லாத மின் டிரைக் ஒன்னு அந்த நடைபாதையில தானா வந்தா அவங்க எப்படி ஒதுங்குவாங்க? இந்த மாதிரி வண்டி நம்ம ரோட்டுக்கு வர்ற நாள்ல முதல் டெஸ்ட்டுக்கு கூப்புட வேண்டியது அவங்களத்தான், அவங்க சரின்னு சொல்லாத வண்டி நடைபாதையில ஏறவே கூடாது.

அதனால இந்த வண்டி தனி ஆளுக்கு இல்ல. பத்து இருபது பேரு பங்கு போடுற வளாகத்துக்கு, கொண்டோ, கல்லூரி, ஆஸ்பத்திரி, பெரிய பேக்டரி, அங்க இதோட எதிர்காலம் நல்லா இருக்குன்னு நெசமா நம்புறேன். சொந்த ரோடு, குறைஞ்ச வேகம், தெரிஞ்ச பாதை, சார்ஜ் போட சொந்த இடம். வயசானவங்க கார்டு வீட்டுல சாமானோட உக்காந்து, யாராவது பிள்ளைங்க வேலை முடிஞ்சு வருவாங்களான்னு காத்திருக்க வேண்டாம்.

## செத்தாப்பாக் கமிட்டிக்கு

ஆனா உடனே வாங்காதீங்கன்னுதான் அந்தக் கமிட்டி அண்ணன்கிட்ட சொன்னேன். முதல்ல சாதா மின் டிரைக் ஒன்ன, ஆள் ஓட்டுறதா வச்சு மூணு மாசம் ஓட்டிப் பாருங்க. எத்தன பேரு ஏறுறாங்க, எந்த நேரம், எந்த பிளாக்குன்னு கார்டு ஒரு நோட்டுல எழுதட்டும். ஒரு நாளைக்கு ஆறு பேரு கூட ஏறலன்னா தானா ஓடுற வண்டி எதுக்கு, ஏறுறாங்கன்னா அந்த நோட்டே விக்க வர்ற கம்பெனிகிட்ட பேரம் பேச உதவும். ரேம்ப் இல்லாத பிளாக்குக்கு ரேம்ப் போடுறதும், ஸ்பீட் பம்ப சரி பண்றதும் எந்த வண்டி வந்தாலும் தேவை, அந்தக் காச இப்பவே செலவு பண்ணலாம். வளாகத்து இன்சூரன்ஸ் ஆளில்லாத வண்டி இடிச்சா குடுக்குமான்னு எழுத்துல கேட்டு வாங்கி பைல்ல வைங்க.

கம்பெனிக்காரங்க டெமோ காட்ட வருவாங்க, காலையில 10 மணிக்கு வரலாமான்னு கேப்பாங்க. சாயங்காலம் 5 மணிக்கு வரச் சொல்லுங்க அண்ணே. ஸ்கூல் வேன் உள்ள வர்ற நேரம், பிள்ளைங்க கார் பார்க்ல பந்து விளையாடுற நேரம், மழை பெய்யுற நாளா இருந்தா இன்னும் நல்லது.